பல்லை அழகுபடுத்தும் சிகிச்சைக்கு நாற்காலியில் அமரும் முன்: ஒரு முழுமையான வழிகாட்டி

மூன்று ஆண்டுகளுக்கு முன் என் அக்கா மகளுக்குத் திருமணம் நிச்சயமானபோது முகூர்த்தத்துக்கு ஐந்து வாரங்கள் இருந்தன. மேல் முன்பற்கள் இரண்டுக்கும் நடுவே ஒரு சிறிய இடைவெளி, பள்ளிக்காலத்தில் குழாயடியில் வழுக்கி விழுந்ததில் நுனி உடைந்த ஒரு பல், மொத்தத்தில் கொஞ்சம் மஞ்சள் நிறம். அவள் குறையாக நினைத்தது இவ்வளவுதான். முதலில் போன மருத்துவமனையில் பத்தே நிமிடத்தில் கணினித் திரையில் அவளுடைய சிரிப்பை மாற்றிக் காட்டினார்கள். மேல்வரிசையில் எட்டுப் பற்களுக்கு ஜிர்கோனியா என்னும் பீங்கான் வகையில் செய்த கேப், அதாவது பல்லை முழுதாக மூடும் உறை, போட்டுவிட்டால் இரண்டு வாரத்தில் வேலை முடிந்துவிடும் என்றும், அன்றே முன்பணம் கட்டினால் தள்ளுபடி உண்டு என்றும் சொன்னார்கள். அந்த எட்டுப் பற்களையும் சுற்றிலும் ராவ வேண்டும் என்பதும், அவற்றில் சிலவற்றுக்கு முன்கூட்டியே வேர் சிகிச்சை (ரூட் கெனால்) செய்வார்கள் என்பதும் நாங்கள் துருவிக் கேட்ட பிறகுதான் வெளியே வந்தன.

பணம் கட்டாமல் எழுந்து வந்தோம். அதன் பிறகு விசாரித்தும் படித்தும் தெரிந்துகொண்டதை, அதே நிலையில் இருக்கும் மற்றவர்களுக்குப் பயன்படும் என்று இங்கே வரிசைப்படுத்தி எழுதுகிறேன். நான் பல் மருத்துவர் அல்லன். ஆகவே இது சிகிச்சைக்கான பரிந்துரை அன்று. மருத்துவரிடம் எதைக் கேட்க வேண்டும், எந்த வரிசையில் கேட்க வேண்டும் என்பதற்கான வழிகாட்டி மட்டுமே.

முதல் படி: எதை இழக்கிறோம் என்பதைத் தெரிந்துகொள்ளுதல்

பல்லின் வெளியுறையான எனாமல் நம் உடலிலேயே மிகக் கடினமான பொருள். ஆனால் எலும்பைப் போலவோ தோலைப் போலவோ அது மீண்டும் வளராது. அதை உருவாக்கும் செல்கள் பல் ஈறைக் கிழித்து வெளியே வரும் காலத்திலேயே அழிந்துவிடுகின்றன. கடைவாய்ப் பல்லின் முகட்டில் இரண்டு மில்லிமீட்டருக்கு மேலும் தடிமனாக இருக்கும் எனாமல், முன்பல்லின் முகப்பில் சுமார் ஒரு மில்லிமீட்டர் அளவிலும், ஈறை நெருங்கும் இடத்தில் அதில் பாதிக்கும் குறைவாகவும் இருக்கும். அதற்கு உள்ளே மஞ்சள் நிற டென்டினும், அதற்கும் உள்ளே நரம்பும் இரத்தக் குழாய்களும் அடங்கிய கூழும் இருக்கின்றன.

இந்த அளவுகளை மனத்தில் வைத்துக்கொண்டுதான் எந்தச் சிகிச்சையையும் எடைபோட வேண்டும். முகப்பில் மட்டும் ஒட்டப்படும் வெனீருக்கு, நம் ஊரில் பல மருத்துவர்கள் லேமினேட் என்று சொல்வதற்கு, பொதுவாக 0.3 முதல் 0.7 மில்லிமீட்டர் வரை ராவுவார்கள். கேப் எனப்படும் கிரவுனுக்குப் பல்லைச் சுற்றிலும் ஒன்று முதல் ஒன்றரை மில்லிமீட்டர் வரையும், நுனியில் ஏறக்குறைய இரண்டு மில்லிமீட்டரும் எடுக்க வேண்டியிருக்கும். ராவுவதில் எவ்வளவு போகிறது என்பதை எடையில் கணக்கிட்டு 2002இல் வெளியான ஓர் ஆய்வு, வெனீருக்கு வெளியே தெரியும் பல்லின் 3 முதல் 30 விழுக்காடும், முழு கிரவுனுக்கு 63 முதல் 72 விழுக்காடும் போய்விடுவதாகக் காட்டியது. அதாவது, நல்ல பல்லில் கேப் போடும்போது மூன்றில் இரண்டு பங்கு பல்லைக் கொடுத்துவிட்டு அதன் மேல் ஒரு தொப்பியை வாங்கிக்கொள்கிறோம். வெனீர் என்று விளம்பரம் செய்துவிட்டுக் கேப் போட்டு அனுப்பும் வழக்கம் பல நாடுகளில் உண்டு. பிரிட்டனிலிருந்து துருக்கிக்குப் போய் அப்படிச் செய்துகொண்டு திரும்புகிறவர்களின் வாயைக் குறிக்க அங்கே ‘துருக்கிப் பற்கள்’ என்றே ஒரு பெயர் வந்துவிட்டது. விடுமுறையில் இரண்டு வாரத்துக்கு ஊருக்கு வந்து பல் வேலையையும் முடித்துக்கொண்டு போக நினைக்கும் வெளிநாட்டுத் தமிழர்கள் இதைக் குறிப்பாகக் கவனிக்க வேண்டும், ஏனென்றால் அவசரத்துக்கு ஏற்ற சிகிச்சை பெரும்பாலும் அதிகம் ராவும் சிகிச்சையாகவே இருக்கும்.

இரண்டாம் படி: குறைக்குக் காரணம் என்ன என்று கேட்டல்

‘பல் நன்றாக இல்லை’ என்று மட்டும் சொல்லிக்கொண்டு போனால், விலை அதிகமான தீர்வுதான் முதலில் மேசைக்கு வரும். எந்தப் பல்லில் என்ன பிடிக்கவில்லை என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். ஒரே மஞ்சள் நிறத்துக்கே பல காரணங்கள் இருக்கின்றன. காபி, தேநீர், வெற்றிலைபாக்கு, புகையிலை ஆகியவற்றின் கறை மேலே படிவது. அதைப் பல்லில் படிந்த காரையைச் சுரண்டி எடுக்கும் ஸ்கேலிங்கும் பாலிஷும் எடுத்துவிடும். வயது ஏற ஏற எனாமல் தேய்ந்து உள்ளே இருக்கும் டென்டினின் நிறம் தெரிவது வேறு. அதை எவ்வளவு அழுத்தித் துலக்கினாலும் போகாது, இன்னும் தேய்ந்து மேலும் மஞ்சளாகும். கரித்தூள் பற்பசை, எலுமிச்சையும் உப்பும், செங்கல்பொடி ஆகியவை செய்வதும் அதே வேலையைத்தான்.

வரிசையில் ஒரே ஒரு பல் மட்டும் சாம்பல் நிறமாக இருந்தால், சிறுவயதில் பட்ட அடியில் அதன் நரம்பு இறந்திருக்கலாம். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, வேர் சிகிச்சை செய்து, பல்லின் உள்ளே மருந்து வைத்து வெளுக்கவைக்கும் முறை இருக்கிறது. ஒரு பல்லுக்காகப் பக்கத்துப் பற்களை ராவ வேண்டியதில்லை. குழந்தைக்கு எட்டு வயதுக்குள் டெட்ராசைக்ளின் மருந்து கொடுத்ததால் வரும் பட்டைக் கறை வெளுக்கப் பல மாதங்கள் எடுக்கும்.

தருமபுரி, கிருஷ்ணகிரி, சேலம் மாவட்டங்களில் வளர்ந்தவர்களுக்குப் பல்லில் தெரியும் வெள்ளைத் திட்டும் பழுப்புக் கோடும் பெரும்பாலும் புளோரோசிஸ், அதாவது குடிநீரில் புளோரைடு மிகுந்ததால் வரும் கறை. குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் புளோரைடு இருக்கக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. அந்தப் பகுதியின் நிலத்தடி நீரில் பல இடங்களில் அது மீறப்பட்டதால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் புளோரோசிஸ் தணிப்பு என்பதைப் பெயரிலேயே சேர்த்துக்கொண்டு 2013இல் செயல்பாட்டுக்கு வந்தது. இந்தக் கறை ஈறுக்குள் பல் உருவாகும் பருவத்தில் ஏற்படுவது. வளர்ந்த பிறகு தண்ணீரை மாற்றினாலும் போகாது, அழுக்கும் அன்று. லேசான புளோரோசிஸுக்கு மேற்பரப்பை மிக மெல்லியதாக, மில்லிமீட்டரில் சிறு பின்ன அளவில், அமிலக் கலவையால் தேய்த்தெடுக்கும் மைக்ரோஅப்ரேஷனும், வெள்ளைத் திட்டுக்குள் பிசினை ஊறவைக்கும் முறையும் இருக்கின்றன. வெனீரைப் பற்றிப் பேசும் முன் இவற்றைச் செய்து பார்க்க முடியுமா என்று கேளுங்கள்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நம்மில் பலருக்கு ஈறு கருமையாக இருக்கும். அது நோய் அன்று. தோலின் நிறத்தைப் போல மெலனின் தரும் இயல்பான நிறம். அதை லேசர் கொண்டோ கத்தி கொண்டோ அகற்றி ‘பிங்க்’ ஆக்குவதாகச் சொல்வார்கள். செய்யவும் முடியும், ஆனால் சில ஆண்டுகளில் கருமை திரும்பி வரலாம். கண்ணாடி முன் இதுவரை உறுத்தாத ஈறு, விலைப்பட்டியலைப் பார்த்த பிறகு உறுத்தத் தொடங்கினால், அந்த உறுத்தல் யாருடையது என்று யோசிக்கலாம்.

மூன்றாம் படி: யாரிடம் போவது

இந்தியாவில் பல் மருத்துவத்தில் எம்டிஎஸ் எனப்படும் முதுநிலைப் படிப்பில் ஒன்பது பிரிவுகள் இருக்கின்றன. அவற்றுள் ‘காஸ்மெடிக் டென்டிஸ்ட்ரி’ என்று ஒன்று இல்லை. பெயர்ப்பலகையில் அப்படி எழுதியிருந்தால் அது ஒரு குறுகிய காலப் பயிற்சியையோ ஆர்வத்தையோ குறிக்கும். கேப், வெனீர் வேலைக்கு ப்ராஸ்தோடான்டிக்ஸ் படித்தவர், பல் நிற ஃபில்லிங், வெளுப்பு, வேர் சிகிச்சைக்குக் கன்சர்வேடிவ் டென்டிஸ்ட்ரி படித்தவர், வரிசையைச் சீராக்க ஆர்த்தோடான்டிஸ்ட், ஈறுக்குப் பெரியோடான்டிஸ்ட் என்பது பொதுவான பிரிவினை. இளநிலைப் பட்டமான பிடிஎஸ் மட்டும் முடித்த அனுபவமுள்ள மருத்துவர்களும் இவற்றை நன்றாகவே செய்கிறார்கள். மாநிலப் பல் மருத்துவக் கவுன்சிலில் அவர்களுக்குப் பதிவெண் இருக்கிறதா என்று பார்ப்பது முதல் தேவை. சென்னையில் கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கும் அரசு பல் மருத்துவக் கல்லூரியிலும், மாநிலம் முழுவதும் உள்ள தனியார் பல் மருத்துவக் கல்லூரிகளிலும் எல்லாப் பிரிவு நிபுணர்களும் ஒரே கட்டடத்தில் இருப்பார்கள். காத்திருக்கப் பொறுமை இருந்தால், இரண்டாவது கருத்துக்கு அதைவிட மலிவான இடம் இல்லை.

மருத்துவரிடம் அவரே செய்த சிகிச்சைகளின் படங்களைக் கேளுங்கள். முடித்த அன்று எடுத்த படத்தைவிட, ஐந்து ஆண்டுகள் கழித்து எடுத்த படத்தில்தான் அவருடைய கைத்திறன் தெரியும்.

நான்காம் படி: வாயைத் தயார் செய்தல்

துலக்கும்போது இரத்தம் வரும் ஈறின் மேல் அழகுச் சிகிச்சை எதுவும் நிற்காது. வீங்கிய ஈறை வைத்து அளவெடுத்தால், வீக்கம் வடிந்த பிறகு கேப்பின் விளிம்பு வெளியே தெரியும். எனவே ஸ்கேலிங், சொத்தைக்கு ஃபில்லிங், தேவைப்பட்ட இடத்தில் எக்ஸ்ரே ஆகியவை முதலில் முடிந்து, ஈறு ஆற இரண்டு மூன்று வாரங்கள் இடைவெளி வேண்டும். தூக்கத்தில் பல்லை நறநறவெனக் கடிக்கும் பழக்கம் இருந்தால் மறைக்காதீர்கள். உங்களுக்குத் தெரியாவிட்டால் உடன் உறங்குகிறவர்களைக் கேளுங்கள். அந்தப் பழக்கம் உள்ளவர்களுக்கு வெனீர் உடைவது அதிகம், பல்லைக் காக்க இரவில் போடும் உறையான நைட் கார்டின் செலவும் கணக்கில் சேரும். சர்க்கரை நோய், இரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரை, கருவுற்றிருத்தல் ஆகியவற்றையும் முதல் நாளே சொல்லிவிட வேண்டும். கருவுற்றவர்கள் வெளுப்பைத் தள்ளிப்போடுவதே வழக்கம். பதின்பருவத்தினருக்குப் பல்லின் கூழ் பெரிதாகவும் ஈறின் மட்டம் இன்னும் நிலைபெறாமலும் இருப்பதால், ராவும் சிகிச்சை எதற்கும் அவசரப்படக் கூடாது.

ஐந்தாம் படி: குறைவாக ராவுவதிலிருந்து தொடங்குதல்

சிகிச்சைகளை விலையாலோ பளபளப்பாலோ வரிசைப்படுத்தாமல், திரும்பப் பெற முடியாதது எவ்வளவு என்பதால் வரிசைப்படுத்துங்கள். ஸ்கேலிங்குக்கு அடுத்து வருவது வெளுப்பு. ஹைட்ரஜன் பெராக்சைடு அல்லது அதை மெதுவாக வெளியிடும் கார்பமைடு பெராக்சைடு எனாமலுக்குள் ஊடுருவி நிறப்பொருளைச் சிதைக்கிறது. பல்லை ராவ வேண்டியதே இல்லை. மருத்துவமனையில் ஒரே அமர்வில் செய்வதற்கு 25 முதல் 40 விழுக்காடு வரையிலான பெராக்சைடைப் பயன்படுத்துவார்கள். உங்கள் பல்லுக்கு அளவெடுத்துச் செய்த ட்ரேயில் 10 விழுக்காட்டுக் கார்பமைடு ஜெல்லை இட்டு, இரவில் இரண்டு வாரங்கள் அணிவது 1989 முதல் வழக்கில் உள்ள முறை. அதிலிருந்து கிடைப்பது சுமார் 3.5 விழுக்காடு பெராக்சைடுதான் என்பதால் பல் கூச்சம் குறைவு. ஐரோப்பிய ஒன்றியத்தில் 6 விழுக்காட்டுக்கு மேற்பட்ட பெராக்சைடை வெளுப்புக்கு விற்கக் கூடாது, 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்குப் பயன்படுத்தக் கூடாது என்று விதி இருப்பதை நினைவில் வைத்துக்கொண்டால், இணையத்தில் விற்கும் அடையாளமில்லாத ஜெல்லை வாங்கத் தோன்றாது. முதல் இரண்டு நாள்களுக்குச் சாம்பார், ரசம், காபி, மஞ்சள் சேர்த்த குழம்பு வேண்டாம். இட்லிக்குத் தேங்காய்ச் சட்னி, மதியம் தயிர்சாதம் என்று ஓட்டிவிடலாம். பழைய ஃபில்லிங்கும் கேப்பும் வெளுக்காது என்பதால், புதிய ஃபில்லிங் வேண்டுமானால் வெளுப்பை முதலில் முடித்து, இரண்டு வாரம் காத்திருந்து, நிலைத்த நிறத்துக்கு ஏற்ப வைக்க வேண்டும். பல்லில் தங்கிய ஆக்சிஜன் பிசின் இறுகுவதைக் கெடுக்கும் என்பதும் இந்தக் காத்திருப்புக்கு ஒரு காரணம்.

அடுத்தது பாண்டிங், அதாவது காம்போசிட் என்னும் பல் நிறப் பிசினை அடுக்கடுக்காக வைத்து நீல விளக்கால் இறுகச் செய்வது. எனாமலை அமிலத்தால் சொரசொரப்பாக்கினால் பிசின் இறுகப் பிடிக்கும் என்று 1955இல் கண்டறியப்பட்டதில் தொடங்குகிறது இந்த முறை. உடைந்த நுனி, சிறிய இடைவெளி ஆகியவற்றுக்குப் பெரும்பாலும் ராவாமலே இதைச் செய்யலாம். கறை பிடிக்கும், விளிம்பு சிதறும், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை சீர்செய்ய வேண்டியிருக்கும். ஆனால் அதே இடத்தில் கொஞ்சம் சேர்த்து ஒட்டிவிடலாம் என்பதால் இவற்றை நான் பெரிய குறைகளாக எண்ணவில்லை.

பல் கோணலாகவோ நெருக்கியடித்தோ இருந்தால் சரியான சிகிச்சை கிளிப் அல்லது கழற்றி மாட்டும் ஒளிபுகும் உறையான அலைனர். கோணல் பல்லை ராவி நேராகக் காட்டுவது இரண்டு வாரத்தில் முடியும். கிளிப் ஒன்றரை இரண்டு ஆண்டு எடுக்கும். பல் முழுதாக இருக்கும் என்பதுதான் அந்தக் காலத்துக்குக் கிடைக்கும் விலை. கிளிப்பைக் கழற்றிய பிறகு, பல் பழைய இடத்துக்குத் திரும்பாமல் பிடித்து வைக்கும் ரிடெய்னரை ஆண்டுக்கணக்கில் அணிய வேண்டும் என்பதைத் தொடங்கும் முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

பீங்கான் வெனீர் இதற்குப் பிறகுதான். எனாமலுக்குள் நிற்கும் அளவு மெல்லியதாக ராவினால் அது மிக உறுதியாக ஒட்டும். டென்டின் வரை போய்விட்டால் பிடிப்பும் குறையும், கூச்சமும் வரும். ஆகவே ‘எனாமலுக்குள் நிறுத்த முடியுமா?’ என்பதே கேட்க வேண்டிய கேள்வி. நன்றாகச் செய்த வெனீர் பத்து முதல் பதினைந்து ஆண்டுகள் இருக்கும் என்று வைத்துக்கொண்டால், இருபத்தைந்து வயதில் போட்டுக்கொள்கிறவர் எழுபது வயதுக்குள் மூன்று அல்லது நான்கு முறை மாற்ற வேண்டியிருக்கும். ஒவ்வொரு முறையும் பல் இன்னும் கொஞ்சம் குறையும். முழுக் கேப், பெரிய சொத்தையாலோ வேர் சிகிச்சையாலோ ஏற்கெனவே பலம் இழந்த பல்லுக்கு உரியது. நோயில்லாத பல்லில் கேப் போட வசதியாக இருக்கட்டும் என்று வேர் சிகிச்சை செய்யச் சொன்னால், எழுந்து வந்து இன்னொருவரைப் பாருங்கள்.

ஆறாம் படி: எழுத்தில் வாங்குதல்

உச்ச நீதிமன்றம் 2008இல் அளித்த ஒரு தீர்ப்பில், சிகிச்சையின் தன்மை, மாற்று வழிகள், முக்கியமான ஆபத்துகள், செய்யாமல் விட்டால் என்ன ஆகும் என்பனவற்றை நோயாளிக்குச் சொன்ன பிறகு பெறுவதே சம்மதம் என்றும், பரிசோதனைக்குக் கொடுத்த சம்மதம் சிகிச்சைக்குக் கொடுத்ததாகாது என்றும் தெளிவாக்கியது. எனவே சிகிச்சைத் திட்டத்தை எழுதித் தருமாறு கேட்பதில் சங்கடப்பட ஒன்றுமில்லை. அதில் பல் எண்கள் இருக்க வேண்டும். மேல் முன்பற்கள் இரண்டும் 11, 21 என்றும், கோரைப்பற்கள் 13, 23 என்றும் எண்ணப்படும். எந்தப் பொருள், எத்தனை அமர்வு, தற்காலிக வெனீர், எக்ஸ்ரே, வேர் சிகிச்சை தேவைப்பட்டால் அதற்கான செலவு, உடைந்தால் யார் பொறுப்பு என்பவையும் இருக்க வேண்டும். மருத்துவக் காப்பீடு பொதுவாக இதற்குப் பணம் தராது.

ஜிர்கோனியா கேப்புடன் பத்து, பதினைந்து ஆண்டு என்று அச்சிட்ட வாரன்டி அட்டை ஒன்று தருவார்கள். அது கேப் உடைந்தால் ஆய்வகம் மாற்றித் தரும் என்பதற்கான உறுதி. உள்ளே இருக்கும் பல் சொத்தையானாலோ, நரம்பு இறந்தாலோ, ஈறு இறங்கினாலோ அந்த அட்டைக்கும் அதற்கும் தொடர்பு இல்லை.

ஏழாம் படி: ராவும் முன்பே பார்த்தல்

கணினித் திரையில் காட்டும் சிரிப்பு படம் மட்டுமே. அதற்குப் பதிலாக, உங்கள் பல்லின் அச்சில் மெழுகால் புதிய வடிவத்தை உருவாக்கி, அதைத் தற்காலிகப் பிசினால் உங்கள் வாயிலேயே ஏற்றிக் காட்டும் மாக்கப் முறை இருக்கிறது. அதைப் போட்டுக்கொண்டு எழுந்து நின்று, சன்னல் வெளிச்சத்தில் சிரித்துப் பாருங்கள், பேசிப் பாருங்கள். ‘வவ்வால்’ என்று சொல்லும்போது மேல்பல்லின் நுனி கீழுதட்டின் ஈர விளிம்பை லேசாகத் தொட வேண்டும். உதட்டை இடித்தால் பல் நீளம். ‘சரஸ்வதி’ என்று சொல்லும்போது சீட்டியடித்தால் இடைவெளி சரியில்லை.

நிறத்தை அமர்வின் தொடக்கத்திலேயே தேர்ந்தெடுக்க வேண்டும். வாயைத் திறந்தே வைத்திருந்தால் சில நிமிடங்களில் பல் உலர்ந்து உண்மையைவிட வெளுப்பாகத் தெரியும். உதட்டுச் சாயத்தைத் துடைத்துவிட்டு, பகல் வெளிச்சத்தில், பதினாறு நிறங்கள் கொண்ட அளவுக் குச்சிகளைப் பல்லோடு ஒட்டிப் பிடித்துப் பார்ப்பார்கள். அக்கா மகள் இரண்டாவதாகப் போன இடத்தில் மருத்துவர் அவளைச் சன்னலோரம் அழைத்துப்போய், ஏ1 குச்சியையும் ஏ2 குச்சியையும் மாற்றி மாற்றி வைத்து, கடைசியில் அவளுடைய கண்ணின் வெள்ளையோடு ஒப்பிடச் சொன்னார். பல் கண்ணின் வெள்ளையைத் தாண்டினால் முகத்தில் பல் மட்டும்தான் தெரியும் என்பது அவருடைய கணக்கு. மாநிறத்துக்குப் பால்வெள்ளை எவ்வளவு தூரத்திலிருந்தே செயற்கையாகத் தெரியும் என்பது எனக்கு அன்றுதான் புரிந்தது.

எட்டாம் படி: ஒட்டும் நாளும் அதற்குப் பிறகும்

வெனீர் என்றால், ஒட்டும் முன் நிறப் பசையோடு வைத்துக் காட்டச் சொல்லுங்கள். நிரந்தரமாக ஒட்டிய பிறகு அதை முழுதாகக் கழற்ற முடியாது, ராவித்தான் எடுக்க வேண்டும். எனவே மனத்துக்கு ஒப்பவில்லை என்றால் சொல்ல வேண்டிய நேரம் அதுதான். ஊசி போட்டு மரத்த வாயோடு, நாற்காலியில் சாய்ந்தபடி, கையளவுக் கண்ணாடியில் பார்த்துத் தலையாட்டிவிடாதீர்கள். ஒட்டிய பிறகு கடிக்கும்போது ஒரு பல் மட்டும் முதலில் இடித்தால், மறுநாளே போய்ச் சரிசெய்துகொள்ளுங்கள். எக்ஸ்ரே, முன்பின் படங்கள், பொருளின் பெயர், நிற எண், ரசீது ஆகியவற்றை ஒரு கோப்பில் வைத்திருந்தால், பத்து ஆண்டுகள் கழித்து வேறு ஊரில் வேறு மருத்துவரிடம் போகும்போது அவர் ஊகிக்க வேண்டியிருக்காது.

அக்கா மகளுக்கு முதல் வாரம் ஸ்கேலிங்கும், அடுத்த பத்து நாள்கள் இரவில் ட்ரேயும், இரண்டு வார இடைவெளிக்குப் பிறகு மூன்று பற்களில் பாண்டிங்கும் செய்தார்கள். முகூர்த்தத்துக்கு மூன்று நாள் முன்பு வேலை முடிந்தது. ஒரு பல்லையும் ராவவில்லை. சென்ற கோகுலாஷ்டமிக்குச் சீடையை முன்பல்லால் கடித்ததில் ஒட்டிய நுனி சிதறியது. மறுநாள் மாலை போனாள், அரைமணி நேரத்தில் ஒட்டி அனுப்பினார்கள்.